கண் திறக்கும் கடை

மழை வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே தாமரைச்செல்விக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டே அழுதால் யாருக்கும் தெரியாது என்பார்கள். அந்த வசதிகூட அவளுக்கு வாய்க்கவில்லை. டவுன்ஹால் ரோட்டில், பட்டப்பகலில், ஒரு பெண் பெரிய காகித உறையை நெஞ்சோடு அணைத்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்தார்கள்.

அப்புறம்தான் மழை வந்தது. ஐப்பசி மழைக்குத் தூறிவிட்டுக் கொட்டும் நாகரிகமெல்லாம் கிடையாது... வந்த வேகத்தில் கொட்டியது. அவள் உறையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் ஓடி, முதலில் தென்பட்ட கடையின் தகரத்துக்கு அடியில் ஒதுங்கினாள்.

"அண்ணே, மழை விடுற வரைக்கும் நின்னுக்கிறேன்," என்றாள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல்.

"நில்லுங்க. அந்தக் கவரை மட்டும் உள்ள குடுங்க, நனையுது."

படத்துக்கு பிரேம் போடும் கடை அது. சுவர் முழுக்கச் சாமிகளும் கல்யாண ஜோடிகளும் காலமானவர்களுமாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, காதில் ஒரு மெல்லிய பிரஷைச் செருகிக்கொண்டு, முப்பதை எட்டாத ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெயர் அருள்பாண்டி. அது அவளுக்கு அடுத்த நாள்தான் தெரியும்.

உறைக்குள்ளிருந்த படத்தை எடுத்து அவன் பஞ்சால் ஈரம் ஒற்றினான். ஒற்றிக்கொண்டிருந்த கை நின்றது. யார் என்று கேட்டான். எங்கம்மா என்றாள். அவன் படத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"முகம் அவங்களுது. கண்ணு அவங்களுது இல்ல."

செல்விக்குப் பக்கென்றது. சற்று முன்பு, இந்தப் படத்தைச் செய்து தந்த ஸ்டூடியோவில் அரை மணி நேரம் நின்று அவள் சொல்லத் தெரியாமல் தவித்ததும் இதுதான். ஏதோ சரியில்லை, ஏதோ சரியில்லை என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. அற்புதமாக வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"ரெண்டும் ஒரே கண்ணு," என்றான் அவன். "யாரோட கண்ணையோ எடுத்து ஒட்டி, அதையே திருப்பிப் போட்டு இன்னொரு கண்ணாக்கியிருக்காங்க. வெளிச்சப் பொட்டைப் பாருங்க. இதுல வலப் பக்கம் விழுகுது, அதுல இடப் பக்கம். ரெண்டு சூரியன் இருந்தாத்தான் இப்பிடி விழும்."

பார்த்தாள். ஆமாம், அப்படித்தான் இருந்தது. இதில் அவமானம் என்னவென்றால், செல்வியின் வேலையே கண்ணைப் பார்ப்பதுதான். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது பேருக்குப் பார்வை சோதிக்கிறாள். நேராப் பாருங்க, மேல பாருங்க, சிமிட்டாதீங்க என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். அப்பேர்ப்பட்டவள் பெற்ற தாயின் முகத்தில் ஒட்டியிருந்த களவாணிக் கண்ணைக் கண்டுபிடிக்கவில்லை.

அவமானம் கோபமாக மாறினால் அது எதிரில் நிற்பவன் மீதுதான் விழும். உங்களிடம் கேட்டேனா என்று படத்தைப் பிடுங்கினாள். கேட்கவில்லைதான் என்று அவன் ஒப்புக்கொண்டான். மழையோ விடுகிற வழியாக இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் நிற்க முடியும்?

கடைசியில் அவளே சொன்னாள்.

அம்மா மலையம்மாள் கேமராவைக் கண்டால் ஒளிகிற ரகம். விசேஷ வீட்டுப் படங்களில் முந்தானையாகவோ முதுகாகவோதான் இருப்பாள். வாக்காளர் அட்டையில் ஒரு கறுப்புத் தீற்றல். போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. உடலை எடுப்பதற்கு முன்னால் யாரோ செல்போனில் பிடித்த படம்தான் நேராக முகம் தெரிகிற ஒரே படம். அதில் கண் மூடியிருந்தது. இன்னும் பதிமூன்று நாளில் வருசம் திரும்புகிறது. கொட்டாம்பட்டிப் பக்கம் ஊரில் அப்பா மலையாண்டி படத்துக்காகக் காத்திருக்கிறார். மகளிடம் இதுவரை எதுவுமே கேட்காத மனிதர், இதை மட்டும் கேட்டார். கண்ணு தொறந்திருக்கணும்த்தா... மூடின கண்ணோட அவளைச் செவுத்துல பாக்க என்னால ஆகாது.

இப்படி மூடிய கண்ணை வரைந்து திறப்பதற்குக் கண் திறப்பது என்றே தொழிலில் பெயர். ஒன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன், நான் திறந்து தருகிறேன் என்றான் அருள்பாண்டி. கம்ப்யூட்டரில் பாதி, பிரஷால் மீதி. சரி என்று ஆர்டர் சீட்டில் ஊரும் பெயரும் எழுதினாள். அப்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"உங்கம்மா எப்பிடிப் பாப்பாங்க?"

செல்வி வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. அம்மாவின் கை ஞாபகம் இருந்தது, குரல் இருந்தது, ஈரத் தலையில் சீயக்காய் வாசனை இருந்தது. கண்...? இருபத்தைந்து வருடம் அந்தக் கண்ணுக்கு முன்னால் வளர்ந்திருக்கிறாள். ஒருநாளும் அதை நின்று பார்க்கவில்லை.

அவன் அவளுடைய மௌனத்தைக் குத்தவில்லை. தயங்கிவிட்டு, "அப்ப உங்க கண்ணைப் பாக்கணும்," என்றான்.

"இது எத்தனை பேருகிட்டச் சொன்ன வசனம்ணே?"

"செத்தவங்க புள்ளைக யாரு வந்தாலும் சொல்றதுதான். போன மாசம் மீசை வச்ச ஏட்டய்யா ஒருத்தர்கிட்டச் சொன்னேன். சட்டையைப் புடிச்சுட்டாரு."

சற்று முன்பு அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. மழை விட்டிருந்தது.

மறுநாளிலிருந்து மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளையில் அவள் வந்தாள். அம்மா ஓரத்தில் தெரிகிற பழைய படங்களையெல்லாம் அவன் முதலிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான். வாசலோரம் வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு ஸ்டூல். அவன் பார்ப்பான், வரைவான், அழிப்பான், மறுபடி பார்ப்பான். இமை எங்கே மடிகிறது, வலது கண்ணைவிட இடது கண் எத்தனை நூல் சின்னது, வெயிலில் கருவிழி எப்படிப் பழுப்பாகிறது... ஊரார் கண்ணையெல்லாம் கருவி வைத்துப் பார்க்கிறவளை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. முதல் நாள் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் காலையிலேயே இரண்டு மணி எப்போது ஆகும் என்று இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்காக வருகிறேன், அம்மாவுக்காக மட்டும்தான் வருகிறேன் என்று பசுமலை விடுதியில் தலைசீவும்போது கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டாள். கண்ணாடி நம்பவில்லை.

சாப்பாட்டை ஒரு வயர்கூடையில் கொண்டுவருவாள். அம்மா பின்னியது. ராணிப் பிங்க், கிளிப்பச்சை, நடுவில் எங்கிருந்தோ வந்த மஞ்சள். கண்ணாடிக் கடையில் மற்றப் பெண்கள் தோளில் பை மாட்டிக்கொண்டு வரும்போது இதைத் தூக்கிக்கொண்டு போக அவளுக்குக் கொஞ்சம் வெட்கம்தான். அம்மா போனபிறகு வெட்கத்தோடு தூக்கினாள். அருள்பாண்டி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இந்த மூன்று நிறத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க எம்புட்டுத் தைரியம் வேண்டும் தெரியுமா என்று கேட்டான். மஞ்சளை ஏழு வரிசைக்கு ஒருமுறைதான் விட்டிருக்கிறார்கள், அதனால்தான் பிங்க் கத்தாமல் இருக்கிறது என்றான். செல்வி இருபது வருடமாகப் பார்த்த கூடையை அன்றுதான் எண்ணிப் பார்த்தாள். ஏழு வரிசைதான்.

அந்த வாரம் மதுரையே அவளுக்கு வேறு மாதிரி தெரிந்தது. நடைபாதைக் கடையில் அடுக்கிய பிளாஸ்டிக் குடங்கள், வளையல் வண்டியில் மாட்டியிருந்த கண்ணாடித் தோரணம், பூக்காரி வாழைநாரில் வைத்துத் திருகும் கனகாம்பரம், நனைந்த ரோட்டில் ஆட்டோவின் மஞ்சள்... எல்லாம் எப்போதும் இருந்தவைதான். யாரோ கையால் வைத்த நிறங்கள் இவை என்று மட்டும் இப்போது தோன்றியது. தோன்றியதை மறுநாள் அவனிடம் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது. ஆபத்து அதில்தான் இருந்தது.

அவன் எதையும் மூக்கருகே வைத்துப் பார்ப்பதை அவள் கவனித்தாள். உங்களுக்குப் பவர் இருக்கிறது, கடைக்கு வாருங்கள், சோதித்துவிடலாம் என்றாள். அவன் முகம் சுருங்கிப்போனது.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

இதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. கொஞ்சம் கழித்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நேத்து வரைக்கும் அண்ணேன்னு கூப்டீங்க," என்றான்.

"இன்னைக்குக் கூப்பிட மறந்துட்டேன்."

மறக்கவில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும். ஆனால் சாயங்காலம் அப்பா போன் செய்வார். ஆயிருச்சாத்தா என்று ஒரே கேள்வி. நாளைக்குப்பா என்பாள். நாளை நாளையென்று எட்டு நாள் போயிருந்தது.

வியாழக்கிழமை அவன் துணியை விலக்கிக் காட்டினான்.

அழகான படம். அதைப் பொய்யென்று சொல்ல முடியாது. கண்கள் உயிரோடு இருந்தன. கேட்காமலேயே ஏதோ சொல்ல வருகிற கண்கள். செல்வி குனிந்து பார்த்தாள். எங்கேயோ பார்த்திருக்கிறேனே... சுவரில் சாய்த்திருந்த வெறும் பிரேம் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. படத்தைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"இது என் கண்ணு."

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே சாடை இருக்கும்தானே என்று அவன் ஆரம்பித்தான்.

"சாடை இல்ல. என் கண்ணேதான். இடது கண்ணுக்குக் கீழ இருக்கிற மச்சத்தைக்கூட விடல நீங்க. அம்மாவுக்கு மச்சம் கெடையாது."

அவன் குனிந்து பார்த்தான். அவனே வைத்த புள்ளி, அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை இதுக்கு மாலை போட்டு வெளக்கேத்துவாங்க," என்றாள். "என் கண்ணுக்கு."

அவன் முகம் வெளிறிவிட்டது. அந்த இடத்தில் தப்பு என்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒன்பது வருட வேலைக்காரனின் ரோஷம் முந்திக்கொண்டது.

"நான் எதை வச்சு வரைய? அவங்க கண்ணு எப்பிடி இருக்கும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

எங்கே வலிக்குமோ சரியாக அங்கே விழுந்தது.

"பெத்தவ கண்ணையே பாக்காதவன்னு சொல்றீங்க. சரிதான்ணே."

அந்த அண்ணே அவனை அறைந்தது.

"நான் பாக்கலதான். ஆனா நீங்களும் எங்கம்மாவைப் பாக்கல. எட்டு நாளும் என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

அவள் விறுவிறுவென்று இறங்கிப் போனாள். ஸ்டூலுக்கு அடியில் வயர்கூடையை விட்டுவிட்டுப் போனது கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் எடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை.

வெள்ளியும் சனியும் எப்படிப் போயின என்று கேட்கக் கூடாது. ஒரே வாரத்தில் அம்மாவின் கண் கிடைக்காமல் போனது, கூடை போனது, இரண்டு மணியும் போனது. மூன்றில் எதற்கு அதிகமாக வலிக்கிறது என்று பார்த்தபோது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அவனைப் பிடித்திருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் பிடித்திருந்தது. அதுதான் தாங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போகிற வழியில் மேலூரில் இறங்கி, செல்போனில் இருந்த அந்த மூடிய கண் படத்தையே பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டாள்.

அப்பாவிடம் அதை நீட்டினாள். வேலை சரியாக வரவில்லைப்பா என்றாள். மலையாண்டி வாங்கிப் பார்த்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். சரித்தா என்று சொல்லிப் படத்தைக் குப்புற வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை வாசலில் பந்தல் போட்டு, சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்தாகிவிட்டது. மாலை வாளித் தண்ணீரில் மிதந்தது. படம் மட்டும் இன்னும் உள்ளேயே கிடந்தது. எடுத்து வரச் சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. எடுத்து வர மகளுக்கும் கை வரவில்லை.

தூறலுக்குள் வயல் ரோட்டில் ஒரு பைக் வந்தது. செல்விக்கு ஆள் தெரியவில்லை. ஹேண்டில்பாரில் ஆடிய நிறம்தான் முதலில் தெரிந்தது. ராணிப் பிங்க், கிளிப்பச்சை, ஏழு வரிசைக்கு ஒரு மஞ்சள்.

அருள்பாண்டி தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். பாலித்தீனில் சுற்றிய பொட்டலம் மட்டும் நனையவில்லை. அவன் செல்வியைப் பார்க்கவே இல்லை. நேராக மலையாண்டியிடம் போய் இரண்டு கையாலும் நீட்டினான்.

"அய்யா, இதுல அவங்க உங்களைப் பாக்க மாட்டாங்க. புடிக்கலன்னா சொல்லுங்க, இப்பவே எடுத்துட்டுப் போயிடுறேன்."

மலையாண்டி பிரித்தார். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், கண்ணு கீழ பாக்குதேப்பா, தொறந்த மாதிரியே இல்லையே என்று முணுமுணுத்தார். செல்வி தூணைப் பிடித்துக்கொண்டாள். அவள் நின்ற இடத்திலிருந்து படம் தெரியவில்லை, அப்பாவின் முகம்தான் தெரிந்தது.

"இவ என்னத்தைப் பாத்துக்கிட்டு இருக்கா தெரியுமா?" என்றார் கடைசியில், பொதுவாக. "கூடை பின்றா. பின்ன உக்காந்துட்டா பேரைச் சொல்லிக் கூப்புட்டாலும் நிமிர மாட்டா. இருங்க, இன்னும் ஒரு முடிச்சும்பா."

படத்தை அவரே நாற்காலியில் வைத்தார். அவரே மாலையை எடுத்து உதறினார்.

"நிமிர வேணாம். முடிச்சிட்டு வரட்டும்."

செல்வி கிட்டே வந்து பார்த்தாள். தாழ்ந்த இமைகள். இமைக்குக் கீழே நூலளவு கருமை, விழித்திருக்கிற கருமை. உதட்டோரம் முடிச்சு இறுகும்போது வருகிற அந்தச் சின்ன மடிப்பு... இதுதான். இந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் வீட்டுப்பாடம் எழுதினாள், காய்ச்சலில் படுத்திருந்தாள், வேலைக்குப் போகிறேன் என்று சண்டை போட்டாள். பார்க்காமல் இல்லை. தினம் பார்த்ததுதான். அவள் அழுதாள். ஒரு வருடமாக வராத அழுகை அது.

சாப்பாடு முடிந்து அவன் கிளம்பும்போது கூடையை வாங்கிக்கொள்ளும் சாக்கில் ரோடு வரை கூடவே நடந்தாள். எப்படி என்று கேட்டாள். அவன் சொன்னான். அம்மா இருக்கிற படமெல்லாம் கொண்டு வாருங்கள் என்று சொல்லி முதலிலேயே வாங்கி வைத்திருந்தான் அல்லவா, அதில் பள்ளி ஆண்டு விழாவுக்கு மயில் வேஷம் கட்டிய செல்வி வாசலில் நிற்கிற படம் ஒன்று. அவளுக்குப் பின்னால் கதவோரம், அரிசி அளவில், ஓர் உருவம் குனிந்து கூடை பின்னிக்கொண்டிருந்தது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த பிறகுதான் அது கண்ணில் பட்டதாம்.

"எல்லாப் படத்துலயும் மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்கன்னு நாம நெனச்சோம். அவங்க திருப்பிக்கல. அவங்களுக்குப் பாக்க வேலை இருந்துச்சு."

தூறல் நின்று வரப்பெல்லாம் பளிச்சென்று பச்சையாக இருந்தது. பைக் பக்கம் வந்ததும் அவள் நின்றாள். அந்த இன்னொரு படம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"கிழிக்கப் போனேன். கை வரல." அவன் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தான். "மொகத்தை மாத்திட்டேன். அந்தக் கண்ணுக்கு உள்ள மொகத்தையே வரைஞ்சு வச்சுட்டேன். அன்னைக்கு நான் அப்பிடிப் பேசுனது தப்பு, செல்வி. வேலை தெரியாமக் கண்ணு மாறிப் போகல. உங்களைப் புடிச்சிருச்சு. அதான் மாறிப்போச்சு."

மன்னிப்பு கேட்கும்போதுகூட வேலை தெரியாமல் இல்லை என்று சொல்ல மறக்கவில்லை பாருங்கள். அவள் ஹேண்டில்பாரிலிருந்து கூடையைக் கழற்றி எடுத்தாள். கழற்றிய அந்த அரை நிமிடத்தில் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"நாளைக்குக் கடைக்கு வாங்க," என்றாள். "உங்க கண்ணைப் பாக்கணும்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான்..."

"நல்லா இல்லன்னு யாரு சொன்னா? எட்டு நாள் நீங்க என்னையப் பாத்தீங்க. இனி நான் பாக்கணும். எனக்கும் புடிச்சிருக்கு."

அவன் பைக்கைக் கிளப்ப மறந்து நின்றான். பிறகு நினைவு வந்து உதைத்தான். "வாரேங்க," என்றான். கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நிறுத்தி, திரும்பிப் பார்த்தான்.

"அண்ணேன்னு கூப்பிட மறந்துட்டீங்க."

"மறக்கல," என்றாள் தாமரைச்செல்வி, அவன் கண்ணை நேராகப் பார்த்து. "இந்த ஜென்மத்துல கூப்பிட மாட்டேன்."